மேடைக் கதையும் பாய்க் கதையும்

சிறுவர் தினத்திலும் மீலாத் விழாவிலும் பிள்ளைகளுக்கு நாட்டார் கதை சொல்வது நல்ல காரியம். ஆனால் ஒலிவாங்கியின் முன் அக்கதைகளுக்கு என்ன நேர்கிறது என்பதையும் பேச வேண்டும்.

தமிழ் பேசும் ஊரெல்லாம் அறிந்த கொழுக்கட்டைக் கதையை எடுப்போம். மாமி வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயரை மறக்காதிருக்க அதையே சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறான். வாய்க்காலைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்கிறான். பிறகு வாயில் அதுதான் நிற்கிறது. அத்திரிபாச்சா சுடத் தெரியாத மனைவிக்கு அடி விழுகிறது. 'கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போச்சே' என்று யாரோ சொன்னதும் பெயர் நினைவுக்கு வருகிறது.

இதன் உயிர் அந்த ஒற்றைச் சொல்லின் தாளம். உம்மும்மா தொடங்கினால் பிள்ளைகளும் கூடச் சொல்லும். தாண்டுமிடத்தில் பாயிலிருந்தே துள்ளும். 'ம்' கொட்டுவது நின்றால், 'தூங்கிட்டியா மகன்?' என்று கேட்டுத்தான் மேலே போவார். மேடையிலோ 'அவன் அச்சொல்லை மறந்தான்' என்று ஒரே மூச்சில் கடந்து, கடைசியில் ஒரு நீதியும் ஒட்டப்படுகிறது. கேட்கும் பிள்ளைக்குக் கைதட்டுவதுதான் வேலை.

அந்த அடியைச் சிரிப்பாகச் சொல்லலாமா? வெட்டினால் முடிச்சு அவிழாது. ஆனால் முகம் பார்த்துச் சொல்பவருக்கு வழியுண்டு: கோபத்தில் துள்ளியவன் நிலையில் தன் நெற்றியையே இடித்துக்கொள்ளட்டும், கொழுக்கட்டை அங்கே வீங்கட்டும். மனனம் செய்த பிரதிக்கு இந்தச் சுதந்திரம் இல்லை.

'பொய்க் கதை எதுக்கு?' என்போரும் நம்மிடையே உண்டு. சூரா யூசுப் தான் சொல்லும் வரலாற்றை 'அஹ்ஸனுல் கஸஸ்', வரலாறுகளில் அழகியது என்கிறது. புனைவைப் புனைவென்று சொல்லிக் கொடுப்போம். கேட்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். நம் கிஸ்ஸாக்கள் காதுக்காகப் பாடப்பட்டவை. 1572இல் மதுரையில் அரங்கேறிய ஆயிர மசலா கேள்வியும் பதிலுமாகவே நடக்கிறது.

இன்னொரு இழப்பு பேச்சுமொழி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இக்கரைக்குக் கொண்டுவர முடிந்தவை மிகச் சில. பேச்சு அவற்றில் ஒன்று. மன்னார், யாழ்ப்பாணப் பேச்சும் புத்தளப் பேச்சும் அருகருகே வாழும் மாவட்டம் இது. எல்லாரும் ஒரே எழுத்துத் தமிழில் ஒப்புவிக்க வேண்டுமென்றால் இரண்டுமே பிள்ளைகளின் வாயிலிருந்து போய்விடும்.

விழா நடத்துவோர் ஒருமுறை ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, பிள்ளைகளைப் பாயில் வட்டமாக இருத்தி, ஊர் மூதாட்டி ஒருவரை அழைக்கட்டும். போட்டிதான் வேண்டுமென்றால், கேட்ட பிள்ளைகள் எத்தனை இடத்தில் வாய் திறந்தார்கள் என்பதற்கும் புள்ளி போடுங்கள்.