கறிக்கு மீன்: கடற்கரைக் கதைகளின் அன்பும் அளவுகோலும்

கடற்கரைக் கிராமத்துக் கதை என்றதும் சில உருவங்கள் நம் மனத்தில் தயாராக வந்து நிற்கும். வெள்ளந்தியான மீனவர், கோயில் மணி, அலையோசை, கடைசிப் பக்கத்தில் ஊரே கூடிக் கண்ணீர் விடும் காட்சி. வார இதழ்களில் இப்படி எத்தனையோ கதைகள் வந்தன, போயின. நின்றவை கொஞ்சம்தான். அவை ஏன் நின்றன என்று பார்ப்பதற்குப் புதுக்கோட்டையில் வெளிவரும் இந்த மலர் பொருத்தமான இடம். நம் மாவட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சித்தன்னவாசலையும் குடுமியான்மலையையும் சொல்வார்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று பாக் நீரிணையை ஒட்டி ஏறத்தாழ 40 கி.மீ. கடற்கரை நமக்கு உண்டு என்பது பலருக்கு மறந்தே போகும்.

நெய்தல் திணைக்குச் சங்கப் புலவர்கள் வைத்த உரிப்பொருள் இரங்கல். ஆனால் இரக்கமும் பரிவும் அங்கேயே தொடங்கிவிட்டன. நற்றிணை 172ஆம் பாடலில் ஒரு புன்னை மரம் வருகிறது. சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்துவிட, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உங்களுடன் பிறந்தது என்று தாய் சொல்லி வைத்திருக்கிறாள். வளர்ந்தபின் அதே மர நிழலில் காதலனோடு சிரித்துப் பேசப் பெண்ணுக்குக் கூச்சம். மரத்தையும் உறவுமுறைக்குள் சேர்த்த இந்தக் கற்பனைக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் தடுமாறுவேன்.

நவீனப் புனைகதைக்கு வருவோம். தகழியின் ‘செம்மீன்’ (1956) சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தபின், கடற்கரையை நாவலாக்கலாம் என்ற துணிச்சல் இங்கும் பரவியது. முதலில் எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) அவர்களில் முதன்மையானது. விசைப்படகான லாஞ்சுகளுக்கும் நாட்டுப்படகான வல்லங்களுக்கும் பகை முற்றுகிறது. வாத்தியார் வேலை பார்க்கும் மகன் செபஸ்தி, வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்லித் தந்தை குரூஸ் மிக்கேலை நெருக்குகிறான். இதற்கு நடுவே மகள் பிலோமி, தன்னைக் கைவிட்ட சாமிதாஸ்மேல் வன்மம் வைக்காமல் கடந்து போகிறாள். ஊர் பழி பேசும் ஒரு மனிதரிடம் நட்புக் கொள்கிறாள். அன்பு அங்கே எல்லாரையும் நல்லவர்களாக்கிவிடவில்லை. வெட்டும் குத்தும் நடக்கிற ஊரில்தான் அது நடக்கிறது. ராஜம் கிருஷ்ணன் வேறு வகை. மக்களோடு தங்கி, கேட்டு, குறித்து எழுதியவர். ‘அலைவாய்க் கரையில்’ (1978) கூலி, வரி, கடன் என்று கணக்குப் பார்க்கிற நாவல். சில பக்கங்களில் அறிக்கையின் வாடை அடிக்கும். ஆனாலும் மீனவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதை விசாரித்து எழுதிய நேர்மைக்கு மதிப்புண்டு.

பிறகு கடற்கரைக்காரர்களே எழுத வந்தார்கள். தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) தேங்காய்ப்பட்டணத்து இஸ்லாமியர் வாழ்வைச் சொல்கிறது. ஊர் முதலாளியின் அதிகாரத்துக்கு நடுவே ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் முளைப்பதும் அதற்கு வரும் எதிர்ப்பும்தான் அதன் உயிர். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நடுக்கடலில் தவிக்கும் மூவரைக் கொண்டு மூன்று தலைமுறையைச் சொல்கிறது. மூத்தவர்கள் இளையவனை எப்படியாவது கரைசேர்க்கப் பார்க்கும் அந்தப் பகுதிகளுக்கு முன்னால், ‘நெஞ்சை உருக்கும்’ என்று விளம்பரத்தில் போடப்படும் கதைகள் வெளிறிப் போகும். அவருக்குச் சாகித்ய அகாடமி விருது 2013இல் ‘கொற்கை’க்காகக் கிடைத்தது; எனக்கு முதல் நாவலே மேல்.

எதிர்க்கரையான இலங்கையையும் விடக் கூடாது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவில் நடக்கிறது. பருவத்துக்கு வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடும் மீனவர்களுக்கும் தீவுக்காரர்களுக்கும் இடையிலான உரசலும் உறவும்தான் கதை. நம் ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகள் பிடிபடும் செய்தியில் அடிக்கடி அடிபடுகிற அதே நெடுந்தீவு. செய்தியில் எல்லையாக வருவது நாவலில் வீடும் பனையுமாக வருகிறது.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரே அளவுகோல்தான் மிஞ்சுகிறது: கதையில் வரும் அன்பு தொழிலுக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து ஒட்டவைத்ததா? கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று பாருங்கள். பங்காளி அல்லாதவரும் கயிற்றில் கை வைப்பார். வலை கரையேறியதும் அவருக்குக் கறிக்கு மீன் உண்டு. நண்டு வலை வந்திறங்கினால் வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும் சுற்றி உட்கார்ந்து, கால் ஒடியாமல் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். கால் ஒடிந்ததற்கு விலை குறையும். அது பெரும்பாலும் குழம்புக்குப் போய்விடும். யாரும் இதைக் கருணை என்று சொல்வதில்லை. கொடுக்காமல் விட்டால்தான் பேச்சாகும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்ட ஏற்பாடும் இப்படித்தான். அறுந்த வலைகளுக்கும் சண்டைகளுக்கும் பிறகு வந்த சமாதானம் அது. அடிக்கடி மீறப்படுவதும் உண்டு. அந்த மீறலுக்கும் சமாதானத்துக்கும் நடுவில் ஒரு நாவலே இருக்கிறது.

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் வரவு நின்றுபோகும் அந்த நாட்களில் மளிகைக் கடையில் யார் பேரில் கடன் எழுதப்படுகிறது, யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று எழுதினால் போதும். ஊர் தானே உருவாகிவிடும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறிய பிறகு நொறுங்கிய படகுகளும் சாய்ந்த தென்னைகளும் ஒரே மாவட்டத்தில் கிடந்தன. கடற்காரரும் தோட்டக்காரரும் ஒருவர் இழப்பை ஒருவர் பார்த்த அந்த வாரங்கள் இன்னும் கதைக்குக் காத்திருக்கின்றன. கோட்டைப்பட்டினத்து ராவுத்தர் அப்பா தர்காவுக்கு மதம் பாராமல் வந்து போகிற கூட்டத்தை மத நல்லிணக்கம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்தக் கூட்டத்தில் ஒருவரின் நேர்த்திக்கடன் என்ன என்று கேட்டு எழுதியவர் யார்?

நம் மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்த அகிலன் ஞானபீடம் பெற்றார். இங்கே வேலை பார்த்து இங்கேயே எழுதிய கந்தர்வன், அலுவலகத்து மனிதர்களையும் வறண்ட ஊர்களையும் தமிழ்ச் சிறுகதையில் நிலைநிறுத்தினார். முன்னோடிகளுக்குக் குறைவில்லை. முதற்பதிப்புகளுக்குப் பேர்போன ஞானாலயா நூலகம் நகரத்திலேயே இருக்கிறது. மேலே சொன்ன நாவல்களைத் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு மணமேல்குடி, மீமிசல் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதத் தொடங்குங்கள். அடுத்த மலருக்கு அப்படி ஒரு கதை வந்தால், கட்டுரைக்கு ஒதுக்கிய இந்தப் பக்கங்களை ஆசிரியர் குழு தாராளமாக அதற்குக் கொடுக்கலாம்.