விடை தெரிந்த பிறகு

முதலில் ஒரு புதிர். பேனாவெல்லாம் தேட வேண்டாம், மனசிலேயே போட்டுப் பாருங்கள்.

கடலின் முதலும் வலையுமாக, போனவர் திரும்பாத வீட்டில் விடியவிடிய விழித்திருப்பது (3)

மூன்றெழுத்துச் சொல். குறுக்கெழுத்துக்காக நான் எழுதிய குறிப்பு. நண்பர்கள் சிலருக்கு அனுப்பினேன். ஒருவர் ‘மனைவி’ என்றார். இன்னொருவர் ‘அம்மா’ என்றார். இரண்டும் மூன்றெழுத்து, இரண்டும் பொருந்துகிற மாதிரியே இருக்கிறது, இரண்டும் தப்பு. மூன்றாமவர் விடையைச் சரியாகச் சொல்லிவிட்டு கூடவே ஒரு குறையும் சொன்னார்: “இதை நாலு வார்த்தையில முடிச்சிருக்கலாமே, எதுக்கு இவ்வளவு நீட்டி முழக்கணும்?”

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான். என் குறிப்பின் விடையைக் கடைசியில் சொல்கிறேன்.

குறுக்கெழுத்து என்றதும் பலருக்கு நினைவு வருவது வார இதழின் கடைசிப் பக்கம். ‘மன்னனின் மனைவி (3)’ என்று கேட்பார்கள், ‘ராணி’ இரண்டெழுத்துதானே என்று முழித்து, ‘அரசி’ என்று நிரப்புவோம். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் போட்ட முதல் புதிரும் இந்த வகைதான். அருஞ்சொற்பொருள் மாதிரி, நேரான கேள்வி, நேரான பதில். அது இங்கிலாந்துக்குப் போன பிறகுதான் கோணலாயிற்று. 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் புதிர் போட்ட எட்வர்ட் பொய்ஸ் மேதர்ஸ் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் டார்கெமாடா. ஸ்பெயினில் ஆட்களைச் சித்திரவதை செய்த மதவிசாரணைத் தலைவரின் பெயர் அது. வாசகரை என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் மறைக்கவில்லை!

இந்தக் கோணல் வகைக்கு கிரிப்டிக் என்று பெயர். அதில் ஒரு குறிப்புக்கு இரண்டு பாதி. ஒன்று விடையின் பொருளைச் சொல்லும். மற்றது விடையின் எழுத்துகளை எப்படிக் கூட்டுவது என்று சொல்லும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதுதான் மறைவு. தமிழில் ஒரு எளிய உதாரணம்:

பல், வேகவை: பாட்டு தொடங்கும் இடம் (4)

வேகவை என்பதற்கு ‘அவி’. பல்லும் அவியும் சேர்ந்தால் பல்லவி. நடுவில் வந்து இரட்டித்த ‘ல்’ சந்தியின் வேலை. தமிழில் புதிர் போடுகிறவருக்கு இது ஒரு வரம், ஒட்டுப்போட்ட இடத்தை இலக்கணமே பூசி மெழுகிவிடுகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் இந்த வகைப் புதிர்களைத் தமிழில் போட்டுக் காட்டியிருக்கிறார். அவற்றைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரி, நீளத்துக்கு வருவோம். நண்பர் சொன்னதன் பின்னால் பெரிய மரபே இருக்கிறது. 1966இல் டி. எஸ். மக்நட், சிமெனெஸ் என்ற தன் புனைபெயரைத் தலைப்பிலேயே வைத்து, குறுக்கெழுத்துக் கலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். (சிமெனெஸும் ஸ்பெயினின் மதவிசாரணைத் தலைவர்களில் ஒருவர்தான். இவர்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லை போல.) அவர் கட்சியின் சாரம் இது: துல்லியமான பொருள், நேர்மையான எழுத்துக்கூட்டல், அதற்குமேல் ஒரு சொல்கூட வேண்டாம். அவருக்கும் முன்பே, 1949இல், அஃப்ரிட் என்ற பெயரில் எழுதிய ரிட்சி ஒரு தர்மத்தை வகுத்திருந்தார்: புதிர் போடுகிறவர் சொல்வது ஒன்றும் நினைப்பது ஒன்றுமாக இருக்கலாம், ஆனால் நினைத்தது சொன்னதற்குள் இருந்தே ஆகவேண்டும்.

நம் நன்னூல் இதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கும். நூலுக்குரிய அழகு பத்தில் முதலாவது, சுருங்கச் சொல்லல். குற்றம் பத்தையும் எடுத்துப் பாருங்கள். மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. நீளமான குறிப்பு எழுதி மாட்டிக்கொண்டவரின் குற்றப்பத்திரிகை மாதிரியே இருக்கிறது. (மயங்க வைத்தலும் அந்தப் பத்தில் ஒன்று. அது மட்டும் நமக்குக் குற்றமில்லை, பிழைப்பு.)

குற்றம் எப்படி நடக்கிறது என்று காட்டுகிறேன். விடை கத்தரிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரி என்றால் வெட்டு. காய் என்றால் உலர். நடுவில் ‘க்’ சந்தி. குட்டியாக எழுதினால்:

வெட்டு, உலர்: வற்றலுக்கு ஆகும் (7)

பழுதில்லை. ஆனால் மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் கதை வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் முதலில் எழுதியது இது:

மாமியார் சொன்னது: முதலில் வெட்டு, வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் போய் உலர், காக்கா வந்தால் விரட்டு, குழம்புக்கு ஆகும் (7)

படிக்க ஜாலியாக இருக்கிறது இல்லையா? ஆனால் இது மோசடி. விடை தேடுகிறவர் காக்காயை நம்புவார். ‘விரட்டு’ என்பதற்கு ‘துரத்து’ என்று போட்டு அரைமணி நேரம் முட்டிக்கொள்வார். மொட்டைமாடியில் உள்ள ‘மொட்டை’ என்பதைப் பார்த்து, தலையெழுத்தை நீக்கச் சொல்கிறார்களோ என்று யோசிப்பார். விடை தெரிந்ததும் காக்கா, மாடி, மாமியார் எல்லாரும் சும்மா வந்து நின்றவர்கள் என்று தெரியும்போது வருவது சிரிப்பு இல்லை, எரிச்சல். நின்று பயனின்மை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் நீளத்தைக் கைவிடாமலே இதைச் சரிசெய்யலாம்:

‘வெட்டு’, ‘உலர்’ என்று அடுத்தடுத்து வந்த ஏவல் இரண்டையும் ஏற்று வற்றலாகிப் போனது (7)

இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் சம்பளம் உண்டு. ‘அடுத்தடுத்து’ என்பது இரண்டு துண்டுகளையும் ஒட்டவைக்கச் சொல்கிறது. ‘ஏவல்’ வீட்டு வேலையும்தான், இலக்கணத்தில் ஏவல் வினையும்தான். கத்தரி, காய் இரண்டுமே ஏவல் வினைகள். கடைசிச் சொற்கள் காய்கறியைச் சொல்கின்றன. ஆனால் மேலோட்டமாகப் படிக்கிறவருக்கு, யார் யாரோ ஏவ, அத்தனையையும் ஏற்று ஏற்று மெலிந்துபோன ஒரு ஜீவன் தெரிகிறது. முந்தையதில் மாமியார் பெயரளவில் இருந்தார், மருமகள் தெரியவில்லை. இதில் மாமியாரே இல்லை, மருமகள் தெரிகிறாள்.

இந்த வித்தையில் பெரிய ஆள் என்று நான் நினைப்பது அரவ்காரியாவை. நிஜப் பெயர் ஜான் கிரஹாம், இங்கிலாந்துத் திருச்சபைப் பாதிரியார். 1958 முதல் ‘கார்டியன்’ நாளிதழில் புதிர் போட்டார். விவாகரத்துக்குப் பிறகு பாதிரியாராகத் தொடர முடியாமல் போனபோது புதிரே முழுநேரப் பிழைப்பாயிற்று. அரவ்காரியா ஒரு மர இனம். அதில் ஒரு வகையை ஆங்கிலத்தில் ‘குரங்கையே குழப்பும் மரம்’ என்பார்கள். சிமெனெஸ் கட்சியினர் இவரிடம் கறார் போதாது என்றே குறைப்பட்டார்கள். வாசகர்களோ இவரைக் கொண்டாடினார்கள்.

அவருடைய புகழ்பெற்ற குறிப்பு ஒன்றைத் தமிழில் விளக்கத்தான் முடியும். விடை, ரூபர்ட் ப்ரூக் எழுதிய கவிதை ஒன்றின் தலைப்பு: கிராண்ட்செஸ்டர் ஊரின் பழைய பாதிரியார் இல்லம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். அந்த இல்லத்தில் பிற்காலத்தில் குடியிருந்தவர் நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான ஜெஃப்ரி ஆர்ச்சர். பாலியல் தொழிலாளியோடு இணைத்து எழுதிய பத்திரிகைமேல் வழக்குப் போட்டு 1987இல் ஜெயித்தவர். அதே வழக்கில் பொய் சொன்னதற்காக 2001இல் சிறைக்குப் போனவர். அரவ்காரியா அந்த 26 எழுத்துகளையும் கலைத்து அடுக்கியபோது கிடைத்தது, ஏறக்குறைய, ‘கற்புள்ள லார்ட் ஆர்ச்சர் சும்மா கிடக்கிறார்’. முன்னால் ‘கவிதைக் காட்சி’ என்றும், எழுத்தைக் கலைக்கச் சொல்லும் சமிக்ஞையாக ‘ஆச்சரியகரமாக’ என்றும் சேர்த்தார். அந்த ‘ஆச்சரியகரமாக’ எழுத்தையும் கலைக்கிறது, ஆர்ச்சரின் கற்பையும் கலாய்க்கிறது. வீடு, கவிதை, வீட்டுக்காரர், அவர்மேல் ஊர் வைத்திருந்த அபிப்பிராயம் எல்லாம் ஒரே வரியில். உபரியாக ஒரு எழுத்து இல்லை. நீளமான குறிப்பு சிக்கனமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதுவே எனக்குச் சாட்சி.

நம்மிடம் இதற்கு முன்னோடி இல்லையா? இருக்கிறது. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவி வகைகளில் வினாவுத்தரம் என்று ஒன்று. ஒரு வெண்பாவுக்குள் வரிசையாகக் கேள்விகள். அதில் வரும் உதாரணப் பாட்டின் கேள்விகளை உரைநடையில் சொன்னால்: பூமகள் யார்? போகிறவனை அனுப்பிவைக்கிறவன் என்ன சொல்வான்? போரில் எய்யும் சரத்துக்கு என்ன பெயர்? அழகுக்கு என்ன பெயர்? பிறை சூடியவன் விரும்பி உறையும் இடம் எது? பதில்கள்: திரு, ஏகு, அம்பு, அம். நான்கையும் சந்தியோடு சேர்த்தால் ஐந்தாவது கேள்விக்கு விடை வந்துவிடுகிறது: திருவேகம்பம். நாலு துண்டு எழுத்துக்கூட்டல், கடைசியில் பொருள். கிரிப்டிக் குறிப்பின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் விமர்சனம் என்று வந்தால் பெருமையை ஓரமாக வைக்க வேண்டும். அந்தப் பாட்டில் கேள்விகள் கேள்விகளாகவே நிற்கின்றன. பூமகளுக்கும் அம்புக்கும் சம்பந்தமில்லை, வாத்தியார் வகுப்பில் வரிசையாகக் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வாக்கியம் இரண்டு வாழ்க்கை வாழ்கிற சுகத்துக்கு நாம் காளமேகத்தின் சிலேடைக்குத்தான் போக வேண்டும். பாம்பும் எலுமிச்சம்பழமும் ஒரே வெண்பாவில் குடியிருக்கும். ஆனால் அங்கே எழுத்தைக் கூட்டிக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. நீளமான கிரிப்டிக் குறிப்பு கேட்பது வினாவுத்தரத்தின் எலும்பையும் சிலேடையின் தோலையும் சேர்த்து. அதனால்தான் அது கஷ்டம், அதனால்தான் பெரும்பாலும் தோற்கிறது.

அரவ்காரியாவிடம் மறுபடி வருகிறேன். 2013 ஜனவரியில், 91 வயதில், அவர் போட்ட ஒரு புதிரின் தலைப்பில் ஒரு குறிப்பு இருந்தது. அரவ்காரியாவுக்கு 19இல் 18 இருக்கிறது, அதற்கு 13 15 சிகிச்சை தரப்படுகிறது என்று. கட்டங்களை நிரப்பி முடித்தவர்களுக்கு வாக்கியம் திறந்தது. 18 புற்றுநோய், 19 உணவுக்குழாய், 13 15 நோய் தணிப்புச் சிகிச்சை. அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார்.

சொற்களை எண்ணினால் அது குட்டி வாக்கியம். ஆனால் நான் அறிந்த மிக நீளமான குறிப்பு அதுதான். ஏனென்றால் அதைப் படிக்க முழுப் புதிரையும் போட்டு முடிக்க வேண்டும். காலையில் காபியோடு உட்கார்ந்தவர் ஒவ்வொரு கட்டமாக, தன் கையாலேயே, அந்தச் செய்தியை எழுதிக்கொள்கிறார். சும்மா ஒரு அறிவிப்பாகப் போட்டிருந்தால் படித்து, ஐயோ பாவம் என்று சொல்லி, பக்கத்தைப் புரட்டியிருப்போம். இங்கே வாசகர் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

விடுகதைக்கு ஒரு சாபம் உண்டு. விடை தெரிந்ததும் செத்துவிடும். அதே விடுகதையை அதே ஆளிடம் இரண்டாவது தடவை போட முடியாது. குட்டிக் குறிப்புகளும் அப்படித்தான், ‘அட!’ என்று ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். நீளமான குறிப்புக்கு நான் வைக்கும் பரீட்சை இதுதான்: விடை தெரிந்த பிறகு அதை இன்னொரு தடவை படிக்கத் தோன்றுகிறதா? காக்காய் விரட்டிய என் குறிப்பு அதில் தோற்றது. ஆர்ச்சர் குறிப்பை இன்னும் படிக்கிறார்கள்.

இனி என் மூன்றெழுத்து. நண்பர் கேட்ட நாலு வார்த்தை வடிவம் இப்படி இருக்கும்:

கடலின் முதல், வலை: மனச்சுமை (3)

‘கடல்’ என்பதன் முதலெழுத்து க. கூடவே வலை. கவலை. பத்து நொடியில் போட்டுவிடலாம், பதினோராவது நொடியில் மறந்துவிடலாம்.

நீண்ட வடிவத்தின் முதல் வரைவில் ‘மீனவர்’ இருந்தது, ‘குப்பத்து வீடு’ இருந்தது. இரண்டையும் அடித்தேன். கடலும் வலையும் இருக்கும்போது அவை எதற்கு? ‘முதல்’ மட்டும் கூடுதல் வேலை பார்க்கிறது. அது முதலெழுத்தும்தான், கடலில் போட்ட கைமுதலும்தான். ‘விழித்திருப்பது’ என்பதை வைக்கலாமா என்றுதான் ரொம்ப யோசித்தேன். ‘விழித்திருப்பது மனைவி’ என்று தமிழில் சொல்லலாம், அதனால்தான் நண்பர்கள் அந்த வழியில் போனார்கள். ஆனால் விழித்திருப்பவள் என்று போடவில்லையே, ‘அது’ என்று போட்டிருக்கிறதே என்று நின்று பார்த்திருந்தால் அஃறிணை காட்டிக்கொடுத்திருக்கும். அஃப்ரிட்டின் தர்மத்தை மீறவில்லை என்றே நினைக்கிறேன்.

‘அம்மா’ என்று சொன்ன நண்பரிடம் விடையைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நான் சொன்னதும் முழுசாத் தப்பில்லையே” என்றார்.

கட்டத்தில் அவருக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் நாலு வார்த்தைக் குறிப்பைக் கொடுத்திருந்தால் அவர் அந்த வீட்டு வாசலுக்கே போயிருக்க மாட்டார்.