ஒரே ப்ரோக்ராம், ரெண்டு ஜன்னல்

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி ப்ரோக்ராம் எழுதுகிற பலர் நோட்பேடிலேயே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். தப்பில்லை. ஜி-கோடு வெறும் எழுத்துக் கோப்புதான். டிவிஎஸ்ஸுக்கும் அசோக் லேலண்டுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறையில் ப்ரோக்ராம் நூறு வரிக்குள் இருந்தால் அதுவே போதும். மேக்ரோ எழுத ஆரம்பித்தால்தான் தொல்லை. #101 விட்டம், #102 ஆழம் என்று மேலே மதிப்பு கொடுத்திருப்போம். முன்னூறு வரி கீழே துளை போடும் இடத்தில் 102 ஆழமா, ரிட்ராக்ட் உயரமா என்று சந்தேகம் வரும். மேலே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நின்ற வரி தொலைந்திருக்கும்.

விம் எடிட்டரில் ஸ்பிளிட் என்று தட்டினால் திரை மேலும் கீழுமாகப் பிரிகிறது. இரண்டிலும் அதே ப்ரோக்ராம். மேல் ஜன்னலை மாறிகளின் மீது நிறுத்திவிட்டுக் கீழே வேலை பார்க்கலாம். கீழே திருத்துவது மேலேயும் உடனே மாறும். நினைவகத்தில் ஏற்றிய கோப்பு ஒன்றுதான், அதுதான் பஃபர். ஜன்னல் அதைப் பார்க்கிற இடம், அவ்வளவே. பல வாரங்களாக விம்மை விடாமல் வைத்திருப்பது இந்த ஒன்றுக்காகத்தான். 1994-இன் 3.0 பதிப்பிலேயே இது வந்துவிட்டது. பக்கவாட்டில் பிரிக்கத்தான் 2001-இல் 6.0 வரை காக்க வேண்டியிருந்தது.

அந்தப் பக்கவாட்டுப் பிரிவின் அருமை காலை ஷிப்டில் தெரியும். மெஷினிலிருந்து இறக்கிய ப்ரோக்ராமையும் ஆபீஸில் இருக்கும் மூலத்தையும் அடுத்தடுத்துத் திறந்து, இரண்டிலும் டிஃப்திஸ் கொடுத்தால் மாறிய வரிகள் நிறத்தில் எழுகின்றன, மாறாதவை மடிந்துகொள்கின்றன, ஒன்றை உருட்டினால் மற்றதும் உருள்கிறது. ஃபீடு 0.25 இருந்த இடத்தில் 0.18. இன்சர்ட் உடைகிறது என்று ராத்திரி ஆபரேட்டர் குறைத்திருப்பார். சரியாகவே செய்திருப்பார், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். சொன்னாலும்தான் என்ன? எங்கள் ஷாப் ஃப்ளோரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் ஓடுகின்றன. ஷிப்டு மாறும்போது சொன்னது எந்த மொழியில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யார் கண்டது. நிறம் போட்ட வரியைக் காட்டிக் கேட்டால் எல்லோருக்கும் புரிகிறது.

இனி வசவு. திருத்தியதைச் சேமிக்காமல் அதே ஜன்னலில் வேறு கோப்பைத் திறக்கப் போனால் இ37 என்று எண் போட்டு மறிக்கும். பஃபர் வேறு, ஜன்னல் வேறு என்று பாடம் நடத்திவிட்டு இதென்ன நியாயம்? ஹிட்டன் என்று அமைப்புக் கோப்பில் எழுதினால் தீர்ந்தது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் அதை முதலிலேயே போட்டுத் தருகிறது, மூத்தது தரமாட்டேன் என்கிறது. ஹிட்டன் போட்டபின் ஜன்னலை மூடினாலும் பஃபர் போகாது. சாயங்காலம் பட்டியலைத் திறந்தால் காலையில் தொட்டதெல்லாம் வரிசைகட்டி நிற்கும். புது ஜன்னல் மேலேயும் இடப்பக்கமுமாகத்தான் முளைக்கும் என்பது இன்னொரு பிடிவாதம். அதற்கு ஸ்பிளிட்பிலோ, ஸ்பிளிட்ரைட் என்று இரண்டு வரி.

ரொம்பத் திட்டவும் மனசு வரவில்லை. ப்ராம் மோலினார் அமிகா கணினிக்காக எழுதி 1991-இல் வெளியிட்டது இது. தனக்கென்று காசு கேட்காமல், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று முகப்புத் திரையில் எழுதி வைத்தார். 2023 ஆகஸ்டில் காலமானார். அடுத்து வந்த 9.1 அவருக்கே சமர்ப்பணம்.

அத்திப்பள்ளிக்கு அந்தப்பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நண்பர்கள் புதுப்புது எடிட்டர்களைக் காட்டுகிறார்கள். அவற்றிலும் ஸ்பிளிட் உண்டு. எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அவை எழுந்து வருவதற்குள் விம்மில் ஒரு வரியைத் திருத்தி மூடிவிடலாம். புதிதாக வரும் டிப்ளமோ பையனுக்குச் சொன்ன மூன்று வரியையும் போட்டுக் கொடுத்தால் சீக்கிரம் பழகிவிடுகிறான்.

கன்ட்ரோல்-டபிள்யூ மட்டும் தீராத வினை. விம்மில் அது ஜன்னலுக்கு ஜன்னல் தாவும் சாவி, பிரௌசரிலோ டேபை மூடும் சாவி. கை பழகியவனுக்கு, கஸ்டமர் போர்ட்டலில் பாதி நிரப்பிய படிவம் எப்போது மறையும் என்று சொல்ல முடியாது. வேறு சாவி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்துக்கொள்ளலாம், பக்கத்து மெஷினின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் அது இருக்காது.