காத்திருக்க ஏதுமில்லாதபோது: ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் ஓசையற்ற விலகல்

1977ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் அமெரிக்கக் கடைகளில் ஒரு விசித்திரமான பொருள் விற்பனைக்கு வந்தது. ஸ்டார் வார்ஸ் பொம்மைகளைச் செய்யும் உரிமை கென்னர் நிறுவனத்திடம் இருந்தது, ஆனால் பொம்மைகள் தயாராகவில்லை. மே 25 அன்று வெறும் 32 அரங்குகளில் வெளியான படம் இப்படி ஓடும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. எனவே நிறுவனம் ஓர் அட்டை உறையை விற்றது. உள்ளே படம் அச்சிட்ட அட்டை, சில ஒட்டுப்படங்கள், ஒரு சீட்டு. சீட்டை அஞ்சலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு லூக், லேயா, சுபாக்கா, ஆர்2-டி2 என நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். குழந்தைகள் அந்த உறையை வாங்கினார்கள், மாதக்கணக்கில் தபாலுக்காகக் காத்திருந்தார்கள்.

2015 செப்டம்பர் 4 அன்று நிலைமை தலைகீழ். ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ வெளியாக இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் நள்ளிரவில் கடைகளைத் திறந்துவைத்து அந்தப் படத்தின் பொம்மைகளை விற்றார்கள். அவற்றில் பல யார், எவர் என்று வாங்கியவர்களுக்கே தெரியாது. முதல் காட்சியில் கதை இருந்தது, பொருள் இல்லை. இரண்டாவதில் கதைக்கு முன்பே பொருள் வந்து வரிசையில் நின்றது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே ரசிகரிடமிருந்து என்ன பறிபோனது என்பதை ரசிகர் ஆய்வு என்னும் கல்விப்புலம் நேராகக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரசிகர் ஆய்வு ஒரு தற்காப்பு வாதமாகத்தான் பிறந்தது. பித்துப் பிடித்தவர், வாழ்க்கையில் வேறு வேலையற்றவர் என்பதுதான் ரசிகரைப் பற்றி அதுவரை இருந்த பொதுப் பார்வை. 1992இல் வெளியான ஹென்றி ஜென்கின்ஸின் ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’ அதை உடைத்தது. பிறர் நிலத்தில் அனுமதியின்றிப் புகுந்து வேட்டையாடுபவர் என்று வாசகரை உருவகித்த மிஷேல் தெ செர்த்தோவின் கருத்தை எடுத்துக்கொண்டு, ரசிகர் அடுத்தவர் கதைக்குள் நுழைந்து தனக்கு வேண்டியதை அள்ளிவந்து சமைக்கிறார் என்றார் ஜென்கின்ஸ். அதே ஆண்டில் கமில் பேக்கன்-ஸ்மித், ஸ்டார் டிரெக் போன்ற தொடர்களை வைத்துக் கதை எழுதிச் சுற்றுக்கு விட்ட பெண்களின் உலகை நூலாக்கினார். ஜான் ஃபிஸ்க் ரசிகரிடம் சேரும் அறிவை ஒரு மூலதனமாகவே பார்த்தார். மூவரும் ரசிகருக்காக வழக்காடினார்கள். கட்சிக்காரர் இடத்தைக் காலிசெய்துவிட்டுப் போகும் கதையைச் சொல்வது அந்த வழக்குக்கு உதவாது.

ஆனாலும் ஜென்கின்ஸின் நூலில் ஓர் அத்தியாயம் தனித்து நிற்கிறது. ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் மூன்றாவது பருவம் திசைமாறியபோது அதன் ரசிகர்கள் மனம் கசந்ததை அவர் அருகிலிருந்து பதிவுசெய்தார். ரசிப்பின் வேரில் ஈர்ப்பு மட்டுமல்ல, ஏமாற்றமும் உண்டு என்பது அவர் கண்டது. கதை முழுத் திருப்தி தந்திருந்தால் யாரும் அதைத் திருத்தி எழுதப் புறப்பட மாட்டார்கள். 2003இல் ஜோனதன் கிரே ‘எதிர்-ரசிகர்’ என்ற சொல்லை முன்வைத்தார். 2007இல் டெரெக் ஜான்சன் ரசிகர்களுக்குள்ளும், ரசிகருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலும் ஓயாமல் நடக்கும் பூசலையே ரசிகக் கூட்டத்தின் இயல்பு என்று காட்டினார்.

அகப்பாடல் மரபை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊடுபவள் உறவை விட்டுவிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாலும் வாசலில் கேட்கும் காலடிக்குக் காது கொடுத்தபடிதான் இருக்கிறாள். ஜென்கின்ஸும் கிரேயும் ஜான்சனும் நுட்பமாக ஆராய்ந்தது இந்த ஊடலை. காது கொடுப்பதை எந்த நாளில் நிறுத்தினோம் என்று தனக்கே தெரியாமல் நகர்ந்துபோகிறவரைப் பற்றி இந்த நூல்களில் மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

ஸ்டார் வார்ஸ் ஒருமுறை ஏற்கெனவே அப்படிக் கைவிடப்பட்டிருக்கிறது என்பதை இன்றைய விவாதங்கள் மறந்துவிடுகின்றன. 1983இல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ வந்தது. 1985இல் கென்னரின் பொம்மை வரிசை ஓய்ந்தது. 1986இல் மார்வெலின் மாதாந்தரச் சித்திரக்கதை 107ஆம் இதழோடு நின்றது. அடுத்த ஆண்டு அதிகாரபூர்வ ரசிகர் மன்ற இதழும் கடைசியாக ஒருமுறை வந்து முடிந்தது. யாரும் கோபப்படவில்லை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், வேறு விளையாட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

அந்த வறண்ட நிலத்தில் நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி. 1987இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ஸ்டார் வார்ஸ் விளையாட்டை வெளியிட்டது. ஆடுகிறவர்களுக்குத் தகவல் வேண்டும். முதல் படத்தின் மதுக்கடைக் காட்சியில் சற்று நேரமே வந்துபோகும் பச்சைத்தோல் ஆளின் இனம் எது, ஜப்பாவின் அரண்மனையில் ஆடும் பெண் எந்த இனத்தவள்? படம் சொல்லாததை விளையாட்டு நூல்கள் எழுதின. ரோடியன், ட்விலெக் என்று இன்று எல்லாரும் சொல்லும் பெயர்கள் அங்கிருந்து வந்தவை. 1991இல் திமோத்தி ஸான் ‘ஏர் டு தி எம்பயர்’ நாவலை எழுதியபோது லூகஸ்ஃபிலிம் அவருக்கு ஆதாரமாக அனுப்பியவை அந்த விளையாட்டு நூல்களே. நாவல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலின் முதலிடத்தைத் தொட்டது. செத்துவிட்டது என்று கருதப்பட்ட கதைக்கு உயிர் திரும்பியது. மூலவர் மௌனமாக இருந்த காலத்தில் மற்றவர்கள் இட்டு நிரப்பியதில் விளைந்த உயிர் அது.

அதற்கு முன்பும் இடைவெளிதான் ஊட்டம். 1980இல் வந்த படத்தில் டார்த் வேடர் லூக்கிடம் ‘நான்தான் உன் தந்தை’ என்று சொல்லிவிட்டுப் போனார், அது உண்மையா என்று அறிய மூன்றாண்டு ஆனது. வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸே அந்த வசனத்தை முதலில் படித்தபோது வேடர் பொய் சொல்கிறார் என்று நினைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்றாண்டும் ரசிகர்கள் கையால் பெருக்கிய சிற்றிதழ்களில் விடை எழுதினார்கள். ஆறு படங்கள் வர 28 ஆண்டுகள் ஆயின. 1999இல் வந்த ‘தி ஃபாண்டம் மெனஸ்’ மீதிருந்த கோபம் இன்றும் பேசப்படுகிறது. அதில் ஜார் ஜார் பாத்திரமேற்ற அகமது பெஸ்ட், அந்த வெறுப்பில் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள நினைத்ததைப் பிற்காலத்தில் வெளிப்படுத்தினார். கொடுமையான அத்தியாயம் அது. ஆயினும் வில் புரூக்கர் 2002இல் எழுதிய ‘யூசிங் தி ஃபோர்ஸ்’ நூலில் பேசும் ரசிகர்கள் ஏமாந்த பின்னும் விளக்கம் தேடுகிறார்கள், ஓட்டைகளை அடைக்கிறார்கள், அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஒருவர் படத்தையே வெட்டி ஒட்டி ‘தி ஃபாண்டம் எடிட்’ என்று தன் வடிவத்தைச் சுற்றுக்கு விட்டார். ஊடல் உச்சத்தில் இருந்தது, உறவு அறவில்லை.

2012 அக்டோபர் 30 அன்று டிஸ்னி நிறுவனம் லூகஸ்ஃபிலிமை 405 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல்களும் சித்திரக்கதைகளும் இனி ‘லெஜண்ட்ஸ்’, அதாவது கதை மரபில் சேராத பழங்கதைகள் என்று அறிவிப்பு வந்தது. புதிய படங்களுக்கு இடம் வேண்டும் என்ற தயாரிப்புத் தரப்பின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் ஃபிஸ்க் சொன்ன மூலதனத்தை நினைத்துப் பாருங்கள். இருபது ஆண்டுகளாக அதைச் சேர்த்தவரிடம் ஒரே காலையில் நோட்டு செல்லாது என்று சொல்லப்பட்டது. வறண்ட காலத்தில் கதையைக் காத்தவர்கள் அவர்களே.

அடுத்து வேகம் வந்தது. 2015 டிசம்பரிலிருந்து 2019 டிசம்பர் வரை நான்கு ஆண்டில் ஐந்து படங்கள். முதல் படம் உலகெங்கும் 200 கோடி டாலரைத் தாண்டியது. 2017இல் ‘தி லாஸ்ட் ஜெடை’ 133 கோடி. ஐந்தே மாதத்தில் வந்த ‘சோலோ’ 39 கோடியில் நின்றது, திரையரங்கில் நஷ்டம் கண்ட முதல் ஸ்டார் வார்ஸ் படம் அதுவே. ‘தி லாஸ்ட் ஜெடை’யால் சினமுற்ற ரசிகர்கள் புறக்கணித்ததால் சோலோ விழுந்தது என்ற விளக்கம் அப்போது பரவலாக ஓடியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் படத்தின் இயக்குநர் ரயன் ஜான்சனை நோக்கி ட்விட்டரில் எழுதப்பட்டவற்றை ஆய்வாளர் மார்டன் பே 2018இல் ஆராய்ந்தார். 967 கணக்குகளில் ஏறத்தாழ 22 சதவீதமே எதிர்மறை. அதிலும் பாதியளவு தானியங்கிக் கணக்குகள், வம்புக்கு வருபவர்கள், அரசியல் நோக்குடையவர்கள். அதில் நடித்த கெல்லி மேரி டிரானைச் சமூக ஊடகத்திலிருந்து விரட்டிய கூச்சல் மன்னிக்க முடியாதது, ஆனால் அளவில் சிறியது. சோலோவுக்குப் போகாதவர்களில் பெரும்பாலோர் எதையும் எதிர்த்துப் போகாமல் இருக்கவில்லை என்றே கருதுகிறேன். ஹான் சோலோ எப்படிக் கப்பலைப் பெற்றான் என்ற கேள்வியை ரசிகர்கள் நாற்பது ஆண்டு தம் மனத்துக்குள் வைத்து விளையாடினார்கள். அதற்கு ஒரே விடையை நிறுவனமே தரும்போது விளையாட்டு முடிந்துவிடுகிறது. அளவுக்கு மேல் விரைந்துவிட்டோம் என்று டிஸ்னியின் அன்றைய தலைவர் பாப் ஐகரே அந்த ஆண்டு ஒப்புக்கொண்டார்.

2019க்குப் பிறகு பல ஆண்டுகள் திரையரங்கில் புதிய படமில்லை. அடுத்ததற்கு 2026 மே என்று நாள் குறித்தார்கள். எண்பதுகளைப் போன்ற இடைவெளி என்று இதைக் கொள்ள முடியாது, ஏனென்றால் வீட்டுத் திரையில் தொடர்கள் நிரம்பி வழிந்தன. ‘தி மாண்டலோரியன்’ இரண்டாம் பருவ முடிவில் நாயகன் தான் காத்துவந்த பச்சை நிறக் குழந்தையைப் பிரிகிறான். கண்கலங்கிய பிரிவு. மூன்றாம் பருவம் தொடங்கும்போது இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள், ஏனென்றால் நடுவில் வந்த ‘தி புக் ஆஃப் போபா ஃபெட்’ தொடருக்குள் அவர்கள் மறுபடி சேர்ந்தாயிற்று. அதைப் பார்க்காதவர்களுக்குப் பிரிவின் வலிக்குப் பொருளே இல்லாமல் போனது. 2023இன் ‘அசோகா’வை முழுதாக உணர ‘ரெபெல்ஸ்’ என்ற நான்கு பருவ அசைபடத் தொடரை முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆசையாகப் படித்தது வீட்டுப்பாடமாக மாறும்போது பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதைத்தான் பெரியவர்களும் செய்தார்கள். தரம் குறைந்ததுதான் காரணம் என்று முடிக்கவும் முடியவில்லை. 2022இல் வந்த ‘ஆண்டோர்’, என் மதிப்பீட்டில் இந்த வரிசையிலேயே மிகச் சிறந்த எழுத்து. அது வந்தபோது பலர் எழுந்து போயிருந்தார்கள்.

ஸ்டார் டிரெக்கிலும் இதே தடம் உண்டு. 1987 தொடங்கி 18 ஆண்டுகள் இடைவிடாமல் ஏதாவதொரு தொடர் ஓடியது. 2002இல் ‘நெமிசிஸ்’ திரைப்படம் தோற்றது, 2005இல் ‘எண்டர்பிரைஸ்’ நிறுத்தப்பட்டது. நான்கு ஆண்டு மௌனத்துக்குப் பிறகே 2009 படம் ஜெயித்தது.

ஆய்வுப்புலம் விலகலை அறவே தொடாமலில்லை. ரெபெக்கா வில்லியம்ஸ் 2015இல், தொடர் முடிந்த பிறகு ரசிகர் அந்த வெறுமையை எப்படி வாழ்கிறார் என்று எழுதினார். அந்தோணி கிடன்ஸின் கருத்தைத் துணைகொண்டு, அன்றாடம் காலூன்றி நிற்க உதவிய ஒன்று நழுவும் அச்சத்தை அவர் விளக்குவது அழகானது. ஆனால் அவர் பேசுவது கதை ரசிகரை விட்டுப் போவதை. இங்கே கதை போகவே மறுக்கிறது, போவது ரசிகர். நட்டாஷா வைட்மனும் ஜோஆன் மெட்டிவியரும் உயிரும் இல்லாமல் சாவும் இல்லாமல் கிடக்கும் ரசிகர் குழுக்களுக்கு ‘ஸோம்பி’ என்று பெயரிட்டது இதற்கு இன்னும் நெருக்கமானது. லீ ஹாரிங்டனும் டெனிஸ் பீல்பியும் 2010இல், ரசிப்பை ஒரு மனிதரின் முழு ஆயுளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். இந்தத் துறைக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அது. நடைமுறையில் ஒரு தடை இருக்கிறது: கேள்வித்தாளை அனுப்பினால் பதில் எழுதுபவர் இன்னும் உள்ளே இருப்பவர். எழுந்துபோனவருக்குத் தான் போனதைப் பற்றிப் பேசும் ஆர்வமும் போய்விட்டிருக்கிறது.

ஆயுளோடு சேர்த்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. 2005இல் ஹேடன் கிறிஸ்டென்சனின் நடிப்பைக் கேலிசெய்யாத பத்திரிகை குறைவு. 2025 ஏப்ரலில் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ மறுபடி திரைக்கு வந்தபோது அமெரிக்க வார இறுதி வசூலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அன்று பத்து வயதில் பார்த்தவர்கள் முப்பது வயதில் திரும்பி வந்திருந்தார்கள். நடுவே இருபது ஆண்டுகள் அந்தப் படத்தை யாரும் திருத்தவில்லை. அவர்கள் தமக்குள் அதைச் சீராட்டி வளர்க்க நேரம் இருந்தது.

2019 நவம்பரில் ‘தி மாண்டலோரியன்’ தொடங்கியபோது, அந்தக் குழந்தைப் பாத்திரம் முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்று படைப்பாளர் ஜான் ஃபாவ்ரோ கேட்டுக்கொண்டார். அதற்கு இணங்கிய டிஸ்னி பொம்மைகளைத் தடுத்து வைத்தது. உலகமே அந்தப் பெரிய காதுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, கிறிஸ்துமஸ் கடைகளில் அந்தப் பொம்மை இல்லை. முன்பதிவு மட்டும் நடந்தது, பொருள் அடுத்த ஆண்டு வரும் என்றார்கள். மக்கள் பச்சை நூல் வாங்கினார்கள். கொக்கி ஊசியால் காதுகளையும் பழுப்பு அங்கியையும் தாமே பின்னினார்கள், பின்னும் முறையை ஒருவருக்கொருவர் எழுதி அனுப்பினார்கள்.