ரத்தினபுரிக் கல்லும் தேங்காய் எண்ணெய்த் தட்டும்

சனிப்பெயர்ச்சி நெருங்கினால் திண்டுக்கல்லில் நீலக்கல் பேச்சு கூடிவிடும். அப்படியொரு நாளில் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர், இலங்கையின் இரத்தினபுரியில் வாங்கிய தீட்டாத கல் ஒன்றை டிஷ்யூவில் பொதிந்து கொண்டுவந்தார். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, நல்ல நீலம். எடை 6.2 கிராம், அதாவது 31 காரட்.

"பாருங்கண்ணே, எம்புட்டுக்குப் போகும்?"

வெள்ளைப் பீங்கான் தட்டில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கல்லை உள்ளே போட்டேன். ஆற்றுக்கல்லின் மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும்; ஒளி அதில் சிதறுவதால் உள்ளே இருப்பது தெரியாது. எண்ணெய் அந்தத் திரையை விலக்கிவிடும். விலக்கியதும் நீலம் முழுக்க ஒரு ஓரத்தில் திட்டாக ஒதுங்கிக்கொண்டது. மிச்சமெல்லாம் ஏறக்குறைய வெள்ளை.

கீழே டார்ச் பிடித்து லென்ஸில் பார்த்தேன். நிறக்கோடுகள் நேராக ஓடி, கோணமாக முட்டின. இயற்கைக் கல்தான். உருக்கி வார்த்த செயற்கை நீலத்தில் அவை இசைத்தட்டுக் கோடுகள்போல வளைந்திருக்கும். அதையே உடைத்து உருட்டி, ஆற்றில் எடுத்த கல் என்று தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.

நிறம் திட்டாக இருப்பது குற்றமில்லை. இலங்கைக் கல்லுக்கு அது சகஜம். அந்தத் திட்டு அடிமுனையில் அமையும்படி பட்டை தீட்டினால், உள்ளே எதிரொளிக்கும் வெளிச்சம் நிறத்தை மேலே ஏந்திவந்து கல் முழுக்க நீலமாகக் காட்டும். ஆனால் படிகத்தின் அச்சையும் பார்க்க வேண்டும். அச்சு வழியே பார்த்தால் ஊதா கலந்த நீலம், குறுக்கே பார்த்தால் பச்சை கலந்த நீலம். திட்டும் அச்சும் ஒத்துப்போகாத கல்லில் எடையையோ நிறத்தையோ ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். தம்பியின் கல்லில் அந்தச் சிக்கல் இல்லை. சிக்கல் விரிசலில் இருந்தது. மண்ணுக்குள்ளேயே ஆறிய விரிசல் கைரேகைபோலத் தெரியும், சாணையைத் தாங்கும். இது வெளிவரை திறந்த விரிசல். அதை ஒதுக்கினால் நீலக் கல்லாக 7 காரட் தேறலாம். 31-க்குப் பணம் கொடுத்திருந்தார்.

இதே கணக்கைப் பெரிய அளவில் 2021 ஜூலையில் பார்த்தோம். இரத்தினபுரியில் கல் வியாபாரி ஒருவர் வீட்டில் கிணறு வெட்டும்போது கிடைத்த 510 கிலோ நீலக்கல் கொத்து. ஏறத்தாழ 25 லட்சம் காரட், 10 கோடி டாலர் பெறும் என்று செய்தி. வகுத்துப் பார்த்தால் காரட்டுக்கு 40 டாலர். கேட்க மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் காரட் விலை என்பது சாணையிலிருந்து இறங்கிய கல்லுக்கான பேச்சு. எங்கள் ஊரில் பூட்டு வாங்குகிறவர் லீவர் எத்தனை என்று கேட்பார். இரும்பு எத்தனை கிலோ என்று கேட்கமாட்டார்.

கொத்து என்றால் பல படிகங்கள் ஒட்டிய கட்டி. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. ஒரே கல்லாக அதைத் தீட்ட வழியில்லை. பிரித்தெடுத்தால் ஒட்டிய இடமெல்லாம் விரிசலுக்கு வாசல். அதன் நிறமும் வெளிறிய நீலமே. சுத்தம் செய்தபோது உதிர்ந்த சில துண்டுகள் நல்ல நட்சத்திர நீலங்களாக இருந்தன என்பதையும் தட்டில் வைக்க வேண்டும். நட்சத்திரக் கல்லுக்குத் தெளிவு அவசியமில்லை. நுண்ணூசிகள் மூன்று திசையில் ஒழுங்காகப் படிந்திருந்தால், பட்டையின்றி மழமழவென்று குவித்துத் தேய்த்தாலே ஆறு கதிர் எழும். ஆனாலும் உதிர்ந்த துண்டின் தரத்தை 510 கிலோவுக்கும் நீட்டுவது, ஒரு பருக்கை பதம் என்று மூட்டை அரிசியையும் சோறாக எண்ணுவது.

கண்ணால் பார்த்துத் தள்ளியது பின்னால் தேறியதும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பால் படிந்த 'கெவுடா' கற்களை இலங்கையில் குப்பையாக ஒதுக்கிவந்தார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை அள்ளிப்போய், 1,600 டிகிரிக்கு மேல் சூடேற்றி நீலமாக்கினார்கள். பாலாகத் தெரிந்த ஊசிகளில் இருந்த டைட்டானியம் கரைந்து இரும்போடு சேர்ந்ததும் நிறம் பிறந்தது. ஆனால் அந்த வியாபாரம் தனித்தனிச் சிறு கற்களில் நடந்தது. அரை டன் கட்டியை உலையில் வைத்துத் தேற்ற முடியாது.

ஆகவே பட்டை தீட்டும் சரக்காக அந்தக் கொத்தை நான் ஏற்கமாட்டேன். அருங்காட்சியகத்தில் வைக்க அது அபூர்வம். வாங்கும் மனமுள்ள ஒருவர் கொடுப்பதுதான் அங்கே விலை. 10 கோடி டாலர் இந்த இரண்டு கணக்கிலும் வராத எண்.

"அப்ப இதையும் சூடேத்திப் பாக்கலாமாண்ணே?"

விரிசல் உலையில் வாய் பிளக்கும், வேண்டாம் என்றேன். விரிசல் வழியே அறுத்து நீலப் பக்கத்தை ஒரே கல்லாகத் தீட்டச் சொன்னேன். மிச்சத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கல் வரும்.

எண்ணெயைத் துடைத்துக்கொண்டே தம்பி யோசித்தார். "வெள்ளைக் கல்லு சனிக்கு ஆகாதேண்ணே."