சீமாட்டியின் செயலாளன்: பழங்காலத்தில் நடக்கும் ஸ்பானியக் காதல் நகைச்சுவைப் படங்கள்

பதினேழாம் நூற்றாண்டின் மட்ரித். இளம் அரசன் ஒருவன், ஊரில் பேர்போன தாசி மார்ஃபிசாவின் வீட்டில் ஓர் இரவைக் கழிக்கிறான். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பெண்ணை ஆடையின்றிப் பார்த்து வாயடைத்துப் போகிறான். விடிந்ததும் அவனுக்கு ஒரே ஆசை: கட்டிய மனைவியையும் அப்படிப் பார்த்துவிட வேண்டும். இதைக் கேட்டு அரண்மனை அல்லோலகல்லோலப்படுகிறது. அரசன் செய்யும் பாவத்துக்கு நாடு தண்டிக்கப்படுமா, ஃபிளாண்டர்ஸ் போரில் தோற்றுவிடுவோமா, அமெரிக்காவிலிருந்து செல்வம் ஏற்றி வரும் கப்பல்கள் கரைசேருமா என்று பாதிரியார்கள் கூடி விவாதிக்கிறார்கள்.

கொன்சாலோ தொரெந்தே பாயெஸ்தெர் எழுதிய நாவலிலிருந்து இமானோல் உரிபே 1991இல் எடுத்த ‘எல் ரேய் பஸ்மாதோ’ படத்தின் கதை இது. நான்காம் ஃபிலிப்பை நினைவூட்டும் அந்த அப்பாவி அரசனாக கபீனோ தியேகோ நடித்திருக்கிறார். படத்தில் கொஞ்சமாவது நிதானத்தோடு பேசுபவர், எல்லோரும் நடுங்க வேண்டிய தலைமை விசாரணைப் பாதிரியார்தான். அந்த வேடத்தில் பழுத்த நடிகர் ஃபெர்னாண்டோ ஃபெர்னான் கோமெஸ்.

கணவன் மனைவியைப் பார்க்க விரும்புவது இன்றைய மட்ரிதில் ஒரு கதையே ஆகாது. 1620களில் அது அரசாங்க நெருக்கடி. பழங்காலத்தில் நடக்கும் ஸ்பானியக் காதல் நகைச்சுவைப் படங்களை நான் இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறேன். காலம் காதலுக்குத் தடையாக நிற்கிறதா, அல்லது நடிகர்களுக்கு உடையாக மட்டும் தொங்குகிறதா? தடையாக நிற்கும் படங்கள் நிலைத்திருக்கின்றன.

இத்தனைக்கும் ஸ்பெயினில் கதைக்குப் பஞ்சமில்லை. லோபே தே வேகா ஒருவரே நூற்றுக்கணக்கில் நாடகம் எழுதிக் குவித்தவர். 1609இல் நாடகக் கலை பற்றி எழுதியபோது, பழைய இலக்கணத்தை ஓரங்கட்டிவிட்டு, காசு கொடுத்து வரும் மக்களுக்குப் பிடித்த மாதிரி எழுதுவதே சரி என்று துணிந்து சொன்னவர். ஆனால் லோபே வாழ்ந்த அந்த இலக்கியப் பொற்காலத்தின் பெருமையை ஓயாமல் பேசிய சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் எடுபட்டதெல்லாம் ‘லொகூரா தே அமோர்’ (1948), ‘அகுஸ்தீனா தே அரகோன்’ (1950) போன்ற கனத்த வரலாற்றுப் படங்கள்தான். அதே 1940களில், பொற்கால நாடகாசிரியர் கால்தெரோனின் ‘லா தாமா துயெந்தே’ நாடகம் திரைக்கு வந்த இடம் மட்ரித் அல்ல, புவெனஸ் அயர்ஸ். 1945இல் லூயிஸ் சஸ்லாவ்ஸ்கி இயக்கிய அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்கள், உள்நாட்டுப் போரில் தோற்று நாட்டைவிட்டு வெளியேறிய கவிஞர் ரஃபாயெல் அல்பெர்த்தியும் அவர் மனைவி மரியா தெரெசா லியோனும். சகோதரர்கள் வீட்டோடு அடைத்து வைத்த இளம் விதவை, அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ரகசிய வழியாக விருந்தாளியின் அறைக்குப் போய்வருகிற கதை. நாடு திரும்ப முடியாதவர்கள் இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வரிசையின் உச்சம் பிலார் மிரோவின் ‘எல் பெர்ரோ தெல் ஓர்த்தெலானோ’ (1996). நம் வைக்கோற்போர் நாயின் ஸ்பானிய உறவினர்தான் தலைப்பில் இருப்பது. மிரோவிடம் யாரும் நகைச்சுவையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். காவல்துறைச் சித்திரவதையைக் காட்டிய அவருடைய ‘எல் கிரிமென் தே குவென்கா’ (1979) படத்தை ராணுவ நீதிமன்றம் முடக்கியது. பிறகு திரைப்படத் துறையின் தலைமை அதிகாரியாகி, 1983இல் தன் பெயராலேயே அறியப்படும் மானியச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அரசுத் தொலைக்காட்சியையும் நிர்வகித்தார். அப்படிப்பட்டவர் லோபேயின் செய்யுளைக் கையில் எடுத்தார். செம்மை நாடக மேடையில் ஊறிய ரஃபாயெல் பெரெஸ் சியெர்ராவோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். வசனத்தை உரைநடையாக்காமல் செய்யுளாகவே விட்டார்.

கதை நேப்பிள்ஸில் நடக்கிறது. பெல்ஃப்ளோர் சீமாட்டி தியானா, தன் செயலாளன் தெயோதோரோவும் பணிப்பெண் மார்செலாவும் காதலிப்பதைக் கண்டுபிடிக்கிறாள். அந்த நொடியில்தான் அவளுக்கே அவன்மேல் ஆசை பிறக்கிறது. ஆனால் குலம் தெரியாத ஒருவனைச் சீமாட்டி மணப்பதெப்படி? அருகே வந்தால் விரட்டுகிறாள், விலகிப்போனால் இழுக்கிறாள். அவன் மார்செலாவிடம் திரும்பினால் பொறுக்காமல் மறுபடி அழைக்கிறாள். ஒரு கட்டத்தில் ஆத்திரம் தாங்காமல் அவள் அறைந்த அறையில் அவன் மூக்கில் ரத்தம் கொட்டுகிறது. பிறகு அந்த ரத்தக்கறைக் கைக்குட்டையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு, புதுக் கைக்குட்டை வாங்க என்று இரண்டாயிரம் எஸ்குதோ கொடுக்கச் சொல்கிறாள்! அந்தக் காட்சியில் தியானாவாக நடிக்கும் எம்மா சுவாரெஸின் முகத்தைப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்க அந்தஸ்து விடவில்லை, சும்மா இருக்க மனம் விடவில்லை. செய்யுள் தடையின்றி ஓடுகிறது. திணறுவது கண்கள் மட்டும். தெயோதோரோவாக வரும் கார்மெலோ கோமெஸ், ஆசையும் தன்மானமும் மாறி மாறி உதைக்க, பாவமாக நிற்கிறார்.

முடிவு இன்னும் குறும்பானது. வேலைக்காரன் திரிஸ்தான், எப்போதோ மகனைத் தொலைத்த ஒரு கிழப் பிரபுவிடம், அந்த மகன் தெயோதோரோதான் என்று நம்பும்படி கதை அளக்கிறான். தெயோதோரோ தியானாவிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறான். பொய் என்று தெரிந்தே அவள் அவனை மணக்கிறாள். குலப்பெருமை என்பதே ஊர் நம்பினால் போதும் என்கிற சமாச்சாரம் என்று 1618இலேயே அச்சேறிய நாடகம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறது. போர்ச்சுகலின் பழைய மாளிகைகளிலும் தோட்டங்களிலும் படமாக்கப்பட்ட இதற்கு இயக்கம், நடிகை, தழுவல் திரைக்கதை, ஒளிப்பதிவு, ஆடை வடிவமைப்பு உட்பட ஏழு கோயா விருதுகள் கிடைத்தன. படம் வந்த மறு ஆண்டு அக்டோபரில் மிரோ மறைந்தார்.

இதற்கு நிகராக வைக்கத்தக்கது ஃபெர்னாண்டோ ட்ரூபாவின் ‘பெல் எபோக்’ (1992) ஒன்றுதான். 1931, குடியரசு பிறக்கப்போகும் நாட்கள். படையிலிருந்து ஓடிவந்த இளைஞன் ஒரு கிழ ஓவியர் வீட்டில் தங்குகிறான். நான்கு மகள்கள், ஒவ்வொருத்தியிடமும் அவன் மனதைப் பறிகொடுக்கிறான். திருவிழா இரவில் அவனுக்குப் பணிப்பெண் வேடம், மகள்களில் ஒருத்திக்கு ராணுவ உடை. கடைக்குட்டியாக இளம் பெனலோப்பே க்ரூஸ். திரைக்கதை எழுதிய ரஃபாயெல் அஸ்கோனாவின் பேனா இதை வெறும் சரசமாக விடவில்லை. ஓவியர் மதத்தையும் திருமணத்தையும் எதிர்க்கும் புரட்சிக்காரர். ஆனால் மனைவியைத் தவிர வேறு பெண்ணை அவர் உடம்பு ஏற்பதில்லை. பாடகியான மனைவியோ காதலனோடு வந்திறங்குகிறாள். இந்தக் கூத்துக்கெல்லாம் முன்னும் பின்னும் சாவு நிற்கிறது. படம் மாமனாரும் மருமகனுமான இரண்டு காவலர்களின் சாவில் தொடங்குகிறது. ஊர்ப் பாதிரியார் தூக்கில் தொங்குகிறார். ஐந்தே ஆண்டில் உள்நாட்டுப் போர் வரப்போவதைப் படம் வாய்விட்டுச் சொல்லாது. இந்தப் படத்துக்கு விருது வாங்கிய ஆஸ்கார் மேடையில் ட்ரூபா, கடவுள் நம்பிக்கை இல்லாததால் இயக்குநர் பில்லி வைல்டருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். பெனீத்தோ பெரோஹோவின் ‘லா வெர்பேனா தே லா பலோமா’ (1935), 1894இன் புகழ்பெற்ற இசைநாடகத்திலிருந்து வந்தது. இளம்பெண்களைத் திருவிழாவுக்கு அழைத்துப்போகும் கிழட்டு மருந்துக்கடைக்காரராக மிகெல் லிகேரோ வரும் இடமெல்லாம் உற்சாகம். 1963இல் வந்த ரீமேக்கைவிட இதுவே எனக்கு உசத்தி. மனுவேல் இபோர்ராவின் ‘லா தாமா போபா’ (2006) லோபேயின் இன்னொரு நல்ல நாடகம்தான். ஆனால் மிரோவிடம் செய்யுள் பேச்சாகிறது. இங்கே அது ஒப்பிப்பாகவே நிற்கிறது. இத்தாலியப் பாடகி ரஃபேல்லா கர்ராவின் பாடல்களைக் கோத்த ‘எக்ஸ்ப்ளோத்தா எக்ஸ்ப்ளோத்தா’ (2020), எழுபதுகளின் தொலைக்காட்சித் தணிக்கையைத் தடையாக வைக்கிறது. பாவாடை நீளத்தை அளக்கும் அதிகாரிகள் நல்ல கற்பனைக்கு இடம் தருகிறார்கள். படமோ அடுத்த பாட்டுக்கு அவசரப்படுகிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ‘பெல் எபோக்’கிலிருந்து ஆரம்பியுங்கள். மிரோவின் படத்தை இரண்டு முறை பாருங்கள்: முதல் முறை சப்டைட்டிலோடு, கதை பிடிபட்ட பிறகு சப்டைட்டில் இல்லாமல்.