இடையில் நின்றவரை யார் சுமப்பது?

2006 பிப்ரவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட பற்றாக்குறைக் குறைப்புச் சட்டத்தின் பெயரைக் கேட்டால், அதற்கும் கல்லூரிக்கும் தொடர்பு இருப்பதாகவே தோன்றாது. ஆனால் அதற்குள் உயர்கல்வி பற்றிய இரண்டு திருத்தங்கள் இருந்தன. பாதிக்கு மேல் பாடங்களைத் தொலைவழியில் நடத்தும் கல்லூரிகளுக்கும், பாதிக்கு மேல் மாணவர்களைத் தொலைவழியில் வைத்திருக்கும் கல்லூரிகளுக்கும் அரசின் மாணவர் நிதியுதவி கிடையாது என்று 1992 முதல் ஒரு விதி இருந்தது. இணையவழிப் படிப்புகளைப் பொறுத்தவரை அது நீக்கப்பட்டது. கூடவே, முதுநிலை மாணவர்கள் கல்லூரி சொல்லும் மொத்தச் செலவு வரைக்கும் அரசிடம் கடன் வாங்கலாம் என்ற 'கிராட் பிளஸ்' திட்டம் பிறந்தது. இரண்டும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வந்தது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இணையவழிப் பட்டத்துக்கு அமெரிக்கர்கள் கட்டிய பணத்தின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

1992 விதி காரணமில்லாமல் வந்ததல்ல. அதற்கு முன் சில அஞ்சல்வழிப் பள்ளிகள் ஆளைச் சேர்ப்பதையும் அரசு உதவியை வாங்கிக்கொள்வதையுமே தொழிலாக நடத்தின. மாணவர் படித்தாரா என்று பிறகு திரும்பியும் பார்ப்பதில்லை. அதைத் தடுக்கத்தான் அந்த வரம்பு. இணையம் வந்தபின் அதே வரம்பு நல்ல முயற்சிகளையும் வாசலில் நிறுத்தியது. 1998-இல் சில கல்லூரிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டு ஆண்டுகளில் வரம்பே போய்விட்டது.

இன்று முழுக்க இணையத்தில் படிப்பவரும், வளாகத்தில் தங்கிப் படிப்பவரும் நிரப்புவது ஒரே விண்ணப்பத்தைத்தான். 'ஃபாஃப்சா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குடும்ப வருமானத்தை வைத்து அரசு தகுதியைக் கணக்கிடும். வருமானம் குறைந்தவருக்கு, திருப்பித் தர வேண்டாத பெல் மானியம் 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். அதற்கு மேல் கடன்: பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவர் 5,500 டாலர் வரையும், பெற்றோரைச் சாராதவர் 9,500 டாலர் வரையும் வாங்கலாம். வீட்டிலிருந்தபடியே படிப்பவருக்கும் வாடகையும் சாப்பாடும் செலவுக் கணக்கில் சேரும். கல்லூரிக் கட்டணம் போக மிச்சமிருப்பதை 14 நாளுக்குள் மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. இவையெல்லாம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்கும்தான். சென்னையிலிருந்து எஃப்-1 விசாவில் போகிறவருக்கு இதில் ஒரு சென்ட்கூடக் கிடைக்காது. அமெரிக்காவில் அரசே கடன் கொடுக்குமாமே என்று இங்கே நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலம், பணம் கல்லூரியோடு கட்டிப் போடப்படாமல் மாணவரோடு போவது. இரவு ஷிஃப்டில் வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துபவர், பக்கத்து ஊரில்கூடக் கல்லூரி இல்லாத கிராமத்துக்காரர் ஆகியோருக்கு நான்கு ஆண்டு வளாகப் படிப்பு என்பது உதவித்தொகை எவ்வளவு வந்தாலும் நடக்காத காரியம். அவர்களுக்கு வேண்டியது நேரத்தை வளைத்துக்கொள்ளும் வசதி. 1997-இல் மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் அதைக் கொடுத்தது. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். அதற்குள் எத்தனை பாடங்களை முடிக்க முடியுமோ முடித்துக்கொள்ளலாம். பல இளநிலைப் படிப்புகளுக்கு அந்தக் கட்டணம் சுமார் 4,000 டாலர்தான். முழு பெல் மானியம் பெறுபவருக்கு ஆண்டுக் கட்டணத்தின் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். ஸ்டார்பக்ஸ் 2014-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தன் ஊழியர்களை இணையவழியில் படிக்க வைத்தபோதும், முதலில் ஃபாஃப்சாவை நிரப்பு என்றுதான் சொன்னது. பெல் மானியம் முன்னால் போக, மிச்சத்தைப் பல்கலைக்கழகமும் ஸ்டார்பக்ஸும் பகிர்ந்துகொண்டன. கடனே இல்லாமல் பட்டம் பெறுவது இந்த வழியில் நடக்கிற காரியம்தான் என்பதை மறைக்கக் கூடாது.

வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2017-இல் கல்வித் துறையின் தணிக்கை அலுவலர்கள், அங்கே ஆசிரியருக்கும் மாணவருக்கும் 'ஒழுங்கான, பொருள்பொதிந்த' தொடர்பு போதவில்லை, எனவே 71.2 கோடி டாலரைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 2019-இல் துறை அதை ஏற்காமல் விட்டுவிட்டது. இணையவழிப் படிப்பை அஞ்சல்வழிப் படிப்பிலிருந்து பிரித்துக்காட்ட அரசு வைத்திருக்கும் உரைகல் இந்தத் தொடர்பு விதிதான். ஆசிரியர் பேசினாரா என்று அது கேட்கிறது. அந்தப் படிப்புக்கு வைத்த விலை நியாயமா, முடித்தவர் என்ன பெற்றார் என்று கேட்பதில்லை. அதனால் மலிவான ஒரு கல்லூரி மாட்டிக்கொண்டு, விலை எக்கச்சக்கமான இன்னொன்று தேறிவிட முடிகிறது.

அந்த விலை வித்தியாசத்துக்கு முதுநிலைப் படிப்பில் இரண்டு உதாரணங்கள் போதும். 2014 ஜனவரியில் ஜார்ஜியா டெக், கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தை இணையத்தில் சுமார் 7,000 டாலருக்குத் தொடங்கியது. மொத்தப் படிப்புக்கும் அவ்வளவுதான். ஜோஷுவா குட்மன் முதலான பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்து, அங்கே இடம் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் வேறெங்கும் போய்ச் சேரவில்லை என்று கண்டார்கள். அதாவது, படிக்காமலே இருந்திருக்கக்கூடிய ஒரு கூட்டத்தை அது படிக்க வைத்தது. சம்பளத்திலிருந்தே கட்டிவிடக்கூடிய தொகை. கடனுக்கு அவசியமே இல்லை. மறுபுறம், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணி முதுநிலைப் படிப்பு இணையத்திலும் 1,15,000 டாலர் என்பதை 2021-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அந்தப் படிப்பை இணையத்தில் நடத்தி, ஆள் சேர்த்துக் கொடுத்த 2யு என்ற நிறுவனத்துக்குக் கட்டண வருவாயில் பாதிக்கும் மேல் போனது. சமூகப்பணியாளரின் சம்பளம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டுமே இணையவழிப் பட்டம். ஒரே கிராட் பிளஸ் கதவு இரண்டுக்கும் ஒரே மாதிரி திறந்தது.

நிதியுதவி பெருகினால் கட்டணமும் பெருகும் என்ற வாதத்தை 1987-இல் அன்றைய கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் கிளப்பினார். எல்லா வகைக் கல்லூரிக்கும் அது பொருந்துமா என்பது இன்னும் தீராத சண்டை. ஆனால் லாப நோக்குக் கல்லூரிகளைப் பற்றி ஸ்டெஃபனி செலினியும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினும் செய்த ஆய்வு கொஞ்சம் கூச்சத்தை உண்டாக்கும். அரசு உதவிக்குத் தகுதி பெற்ற கல்லூரிகள், அதே மாதிரியான படிப்பை நடத்தும் தகுதியற்ற கல்லூரிகளைவிட முக்கால் பங்கு அளவுக்கு அதிகம் வசூலித்தன.

விலையைவிட என்னை அதிகம் உறுத்துவது, படிப்பை நடுவில் விட்டவரின் கதி. இணையவழியில் நடுவில் விடுவது எளிது. டெவ்ரை பல்கலைக்கழக மாணவர்களை வைத்து எரிக் பெட்டிங்கரும் சுசன்னா லோபும் மற்றவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே பாடத்தை வகுப்பறைக்குப் பதில் இணையத்தில் எடுத்தவர்களின் மதிப்பெண் குறைந்ததையும், அவர்கள் தொடர்ந்து படிப்பதும் குறைந்ததையும் காட்டியது. அப்படி விட்டவருக்கு நிதியுதவி விதி என்ன செய்கிறது?

பருவத்தில் 60 சதவீதம் கடந்தபின் விட்டால், வந்த உதவி முழுவதும் மாணவருக்கு உரியது. அதற்குள் விட்டால், படித்த நாளுக்குரிய பங்கு மட்டுமே. கணக்குக்காக, ஒரு பருவத்துக்கு 3,000 டாலர் மானியமும் 3,000 டாலர் கடனும் ஒருவருக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். கட்டணம் 5,000. மிச்சம் 1,000 அவர் வங்கிக் கணக்குக்குப் போய், வாடகையில் கரைந்துவிட்டது. ஐந்தாம் வாரத்தில், பருவம் 30 சதவீதம் நகர்ந்திருக்கும்போது, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போய் அவர் நின்றுவிடுகிறார். உதவியில் 70 சதவீதம் அவருக்குரியது அல்ல. கட்டணத்தின் 70 சதவீதமான 3,500 டாலரைக் கல்லூரி அரசுக்குத் திருப்புகிறது. அதில் கடன்தான் முதலில் அடைபடும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லூரியின் சொந்த விதிப்படி கட்டணத்தைத் திரும்பப் பெறும் கெடு அதற்குள் முடிந்திருந்தால், அது முழு 5,000 டாலரையும் கணக்கில் வைத்துக்கொண்டு, அரசுக்குத் திருப்பிய 3,500-ஐ மாணவரிடமே கேட்கும். வருமானத்துக்கேற்ற தவணை, வேலை போனால் தள்ளிவைக்கும் சலுகை என்றெல்லாம் அரசுக் கடனில் இருக்கும் நெளிவு எதுவும் கல்லூரிப் பாக்கியில் இல்லை. உடனே கட்டு, இல்லையென்றால் வசூல் நிறுவனத்திடம் போகும். நின்ற நாள் எது என்பதிலும் இணையவழி மாணவருக்கு ஒரு சிக்கல் உண்டு. தளத்துக்குள் நுழைந்ததை வருகையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; ஒரு பயிற்சியைச் சமர்ப்பித்தோ தேர்வு எழுதியோ விவாதத்தில் பங்கெடுத்தோ இருக்க வேண்டும்.

தணிக்கை நோக்கில் இந்த விதியில் பிழை சொல்ல முடியாது. படிக்காத நாளுக்கு மக்கள் பணம் எதற்கு? இதே கண்டிப்பு இல்லாவிட்டால், போலிப் பெயரில் சேர்ந்து மானியத்தை உருவிக்கொண்டு ஓடும் கும்பல்களுக்குக் கொண்டாட்டமாகிவிடும். கலிஃபோர்னியாவின் சமூகக் கல்லூரிகள் இன்றும் அந்தத் தலைவலியோடுதான் இருக்கின்றன. ஆனால் நஷ்டம் இறங்கும் இடத்தைப் பாருங்கள். அரசு தன் பங்கைக் கல்லூரியிடம் மீட்டுக்கொள்கிறது. கல்லூரி தன் பங்கை மாணவரிடம் மீட்டுக்கொள்கிறது. மாணவர் மீட்டுக்கொள்ள யாரும் இல்லை. கையில் பட்டமும் இல்லை. அமெரிக்கக் கல்விக் கடனில் தவணை தவறுபவர்களில் பெரிய தொகை வாங்கிய மருத்துவர்கள் குறைவு, சிறு தொகை வாங்கிப் படிப்பை முடிக்காதவர்கள்தான் அதிகம் என்பது ஆய்வாளர்களுக்குப் பழைய செய்தி.

கல்லூரியே கவிழ்ந்தபோதோ, ஏமாற்றியதாகப் புகார் எழுந்தபோதோதான் அரசு முன்வந்தது. கொரிந்தியன் கல்லூரிகள் 2015-இல் மூடப்பட்டன. 2022-இல் அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடன் தள்ளுபடியானது. பெருநிறுவனங்களில் வேலை காத்திருப்பதுபோல் விளம்பரம் செய்ததாக ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தின் மீது வந்த புகார், 2019-இல் 19.1 கோடி டாலருக்குச் சமரசமானது. இணையத்திலேயே வளர்ந்த ஆஷ்ஃபோர்டை அரிசோனா பல்கலைக்கழகத்துக்காக வெறும் ஒரு டாலருக்கு வாங்கினார்கள். மாணவர்களை ஏமாற்றியதற்காக அதன் பழைய உரிமையாளருக்குக் கலிஃபோர்னிய நீதிமன்றம் 2022-இல் 2.2 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது. தள்ளுபடி நியாயமானதே. ஆனால் அது ஆண்டுகள் கழித்து, வழக்கும் போராட்டமும் நடத்தி, வரி கட்டுபவரின் பணத்தில் வந்தது. கட்டணத்தை வாங்கியவர்கள் அதற்குள் போயே போய்விட்டார்கள்.

2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் இதில் சிலவற்றைத் தொட்டிருக்கிறது. புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 2026 ஜூலை முதல் கிராட் பிளஸ் இல்லை. சாதாரண முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் என்று உச்சவரம்பு. லட்சத்தைத் தாண்டிய சமூகப்பணிப் பட்டங்களுக்கு இது கடிவாளம் என்ற அளவில் எனக்கு உடன்பாடே. தனியார் கடன்காரர்கள் அந்த இடைவெளிக்குள் நுழைவார்கள் என்ற அச்சமும் பொய்யல்ல.

இளநிலையில் நடுவில் நிற்பவருக்கு அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஏமாற்றம்தான். பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வடிவத்தில், மாணவர் கட்டாமல் விட்ட கடனில் ஒரு பங்கைக் கல்லூரியே ஏற்க வேண்டும் என்று இருந்தது. முரட்டுத்தனமாக எழுதப்பட்ட பிரிவு அது. ஏழை மாணவர்களை அதிகம் சேர்க்கும் கல்லூரிகளை அடித்துவிடும் என்ற எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஆளைச் சேர்த்ததோடு கல்லூரியின் பொறுப்பு முடிவதில்லை என்று சொன்ன பிரிவு அது ஒன்றே. செனட் அதைத் திருத்தி நேராக்குவதற்குப் பதில் எடுத்துவிட்டு, வருமானச் சோதனையை வைத்தது. ஒரு இளநிலைப் படிப்பை முடித்தவர்களின் நடுத்தர வருமானம், பள்ளிப் படிப்போடு நின்றவர்களின் வருமானத்தைவிட மூன்றில் இரண்டு ஆண்டுகள் குறைவாக இருந்தால், அந்தப் படிப்புக்கு அரசுக் கடன் நிற்கும். கணக்கில் வருபவர்கள் படிப்பை முடித்தவர்கள் மட்டுமே. நூறு பேரைச் சேர்த்து, எண்பது பேரைப் பாக்கியோடு வழியில் விட்டு, மிச்ச இருபது பேருக்கு நல்ல வேலை கிடைக்கும் ஒரு கல்லூரி அந்தச் சோதனையில் தேறிவிடும்.